காவல் நின்றவனுக்கே காவலா?

‘தி பிளைண்ட் சைட்’ நல்ல படம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். வீடில்லாத கறுப்பினப் பையன் ஒருவனை வசதியான வெள்ளைக் குடும்பம் கூட்டிவந்து சோறு போடுகிறது, படுக்கை கொடுக்கிறது, படிக்க வைக்கிறது. அவன் பெரிய விளையாட்டு வீரனாகிறான். 2009இல் வந்த இந்தப் படம் முப்பது கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த வீட்டம்மாவாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். சரி, கலங்கட்டும். ஆனா அந்தப் பையன் என்ன சொல்றான்னு யாராச்சும் கேட்டாங்களா?

அவன் கற்பனைப் பாத்திரம் இல்லை. பெயர் மைக்கேல் ஓஹர். 1986இல் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரத்தில், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். தாய் போதைப் பழக்கத்தில். தகப்பன் சிறைக்குப் போய்வந்து கொண்டு. அரசாங்கம் பிள்ளைகளைப் பிரித்து வளர்ப்பு வீடுகளில் விட்டது. முதல் ஒன்பது வருடப் படிப்புக்குள் பதினோரு பள்ளிக்கூடம் மாறியவர். 2009இல் அமெரிக்கத் தொழில்முறை புட்பால் லீகான என்.எஃப்.எல். ஆள் எடுத்தபோது முதல் சுற்றில் 23ஆவது ஆளாக பால்டிமோர் ரேவன்ஸ் அணி இவரை எடுத்தது.

இவர் செய்த வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ளாமல் படத்தின் அரசியலைப் பேச முடியாது. அமெரிக்கர்களின் புட்பால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னேறும் ஆட்டம். பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். புகழும் பணமும் அவனுக்கு. அவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். எதிரணி பாய்ந்து வந்து அவனைச் சாய்த்துவிடாமல் தடுப்பது அவர்கள் வேலை. முன்னோக்கி எறிந்த பந்தைப் பிடிக்கக்கூட சாதாரணமாக அவர்களுக்கு அனுமதி இல்லை. கேமரா பந்துக்குப் பின்னால் ஓடிவிடும். ஒலிபெருக்கியில் அவர்களைப் பற்றி அறிவிப்பு வருவது பெரும்பாலும் தப்பு செய்தபோதுதான். வலக்கைக்காரனான குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குருட்டுப் பக்கத்தைக் காப்பவன் லெஃப்ட் டாக்கிள்.

படத்துக்கு மூலம் மைக்கேல் லூயிஸ் 2006இல் எழுதிய புத்தகம். 1985இல் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து ஜோ தைஸ்மனின் கால் முறிந்த ஆட்டத்தில் அது ஆரம்பிக்கிறது. அந்தப் பயம் எப்படிக் கண்ணில் படாத ஓர் உழைப்புக்கு விலை ஏற்றியது என்று லூயிஸ் காட்டும் இடம் உண்மையிலேயே நல்ல எழுத்து. ஆனால் ஓஹரை வீட்டில் வைத்திருந்த ஷான் டூஹி, லூயிஸின் பள்ளித் தோழர். கதை அந்த வீட்டின் கூடத்திலிருந்து சொல்லப்படுகிறது. மெம்பிஸின் குடியிருப்பிலிருந்து கேட்டால் அது எப்படி இருந்திருக்கும்?

படம் இதை இன்னும் மோசமாக்கியது. சமையல்கட்டுச் சாமான் பாட்டில்களை வரிசையாக வைத்து வீட்டுச் சின்னப் பையன் ஓஹருக்கு ஆட்டம் சொல்லித் தருகிறான். வீட்டம்மா பயிற்சி மைதானத்துக்குள் நுழைந்து, இந்த அணியை உன் குடும்பமாக நினைத்துக் காப்பாற்று என்கிறார். உடனே அவன் எல்லோரையும் தள்ளிச் சாய்க்கிறான். பரிசோதனையில் மற்றதெல்லாம் மட்டம், காக்கும் உணர்ச்சி மட்டும் 98 என்று ஒரு கணக்கு வேறு. உடம்பு அவனுடையது, அறிவு அந்த வீட்டினுடையது என்கிறது படம். உழைக்கிறவனுக்குக் கை உண்டு, மூளை கிடையாது என்ற பழைய பாட்டுத்தான் இது. கருணை ராகத்தில் பாடினால் மட்டும் வேறு பாட்டாகிவிடுமா?

தடுப்பவன் வேலை வெறும் தள்ளு இல்லை. எதிரில் இருப்பவன் முன்னோக்கி ஓடி வருவான். இவன் பின்னோக்கி அடி வைத்தபடி அவனை மறிக்க வேண்டும். அவன் கால் வைத்திருக்கும் விதத்திலிருந்தே எந்தப் பக்கம் வருவான் என்று கணிக்க வேண்டும். கை நெஞ்சுக்குப் போக வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் அணிக்குப் பத்து கஜம் தண்டனை. பந்து கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் அசைந்தாலும் தப்பு. பக்கத்தில் நிற்பவனோடு பேச்சும் சைகையும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் மூன்று நொடிக்குள். இது படித்துப் பழகிச் சேர்த்த அறிவு.

ஓஹர் இதைத்தான் 2011இல் வெளியிட்ட ‘ஐ பீட் தி ஆட்ஸ்’ என்ற தன்வரலாற்றில் சொன்னார். தொடர்ந்து படிக்க வாய்ப்பே கிடைக்காத பிள்ளையாகக் காட்டாமல் படம் தன்னை மண்டாகக் காட்டிவிட்டது என்றார். சிறு வயதிலிருந்தே ஆட்டத்தைக் கவனித்துக் கற்றவன் தான் என்றார். 2015இல் நிருபர்களிடமும் சொன்னார்: படத்தை வைத்துத்தான் தன்னைப் பார்க்கிறார்கள், தன் திறமையைப் பார்ப்பதில்லை என்று.

அவருடைய தொழில் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. ரேவன்ஸ் அணியில் ஐந்து வருடம், 80 லீக் ஆட்டம். அத்தனையிலும் முதல் வரிசையில் இறங்கினார். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்குமாக அவரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பக்கம் மாறினால் காலும் கையும் தலைகீழாகப் பழக வேண்டும். 2013 பிப்ரவரியில் சூப்பர் பவுலை ரேவன்ஸ் 34-31 என்று வென்றபோது அவர் நின்றது வலது பக்கம். படம் புகழ்ந்த குருட்டுப் பக்கத்தில் அன்று வேறொருவர் நின்றார். 2014இல் டென்னசி டைட்டன்ஸ். கால் விரல் காயம். 2015இல் கரோலினா பாந்தர்ஸ்; மறுபடி இடது பக்கம். அந்த வருடம் அணி 15 ஆட்டம் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. அவர் காத்த கேம் நியூட்டன் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 2016இல் மூன்றே ஆட்டம்; தலையில் அடி, மூளை அதிர்ச்சி. 2017இல் அணி விடுவித்தது. மொத்தம் 110 ஆட்டம். இந்த வாழ்க்கைக்கு யாரும் படம் எடுக்கவில்லை.

படத்துக்கு வெளியே ஒரு காகிதம் இருந்தது. 2004இல், ஓஹருக்குப் பதினெட்டு வயதானபோது, டூஹி தம்பதியர் நீதிமன்றம் மூலம் அவருக்குக் காப்பாளர்கள் ஆனார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு கன்சர்வேட்டர்ஷிப் என்று பெயர். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது. தத்தெடுப்பும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தனக்கு விளக்கப்பட்டதாக ஓஹர் 2011 புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். 2023 ஆகஸ்டில் அவர் நீதிமன்றம் போனார்: நான் தத்துப்பிள்ளை இல்லை, என்னை நம்ப வைத்து என் பெயரில் பணம் பார்த்தார்கள் என்றார். டூஹி குடும்பம் மறுத்தது. கல்லூரி விளையாட்டு விதிகளுக்காகச் செய்தது, படப் பணத்தைச் சமமாகப் பங்கிட்டோம் என்றது. பணக் கணக்கைத் தனியாக வைத்துவிட்டு, 2023 செப்டம்பரில் நீதிபதி காப்பாளர் ஏற்பாட்டை முடித்து வைத்தார். ஊனம் எதுவும் இல்லாத ஒருவருக்கு இப்படி ஓர் உத்தரவைத் தன் நீண்ட அனுபவத்தில் கண்டதில்லை என்றார்.

களத்தில் இன்னொருவனின் முதுகைக் காக்கத் தெரிந்தவனுக்குக் காகிதத்தில் தன்னைத் தானே காக்கத் தெரியாது. படம் சொன்னதும் காகிதம் சொன்னதும் ஒன்றே.

அந்தக் குடும்பம் சோறு போட்டது உண்மை. ஓஹரே நன்றியோடு எழுதியிருக்கிறார். நன்றி அவர் சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவருடைய அறிவும் கதையும் கையெழுத்தும் யாருக்கும் சேர வேண்டியதில்லை. சோறு போட்டவங்களுக்குக் கதையும் சொந்தமா என்ன?

மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறவர்கள் போடட்டும். கூடவே அவர் எழுதிய புத்தகத்தையும் மேசையில் வைக்கட்டும். எதை முதலில் படிப்பது என்று கேட்டால், அடிபட்டவன் எழுதினதை முதல்ல படிங்க.