லெ ப்ரன் அம்மையாரின் கணக்கு

எலிசபெத் விஜே லெ ப்ரன் (1755–1842) பிரெஞ்சு ராணி மேரி அந்துவானெத்தைப் படமெழுதியவர். 1789 அக்டோபரில், அரச குடும்பத்தை ஜனங்கள் பாரிஸுக்குக் கொண்டுவந்த சமயம், மகள் ஜூலியோடு வண்டியேறியவர், ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, பீட்டர்ஸ்பர்க் என்று பன்னிரண்டு வருஷம் தூரிகையாலேயே பிழைத்தார். 1835 முதல் 1837 வரை வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளை வெறும் அரண்மனைத் துதி என்று தள்ளுவோர் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. ஆனால், அதைக் கணக்குப் புத்தகமாக வாசிக்க வேண்டும் என்பேன்.

அவர் வீட்டில் கூடிய சபையில் ஒருநாள் திடீரென்று கிரேக்க பாணியில் ஒரு விருந்து நடந்தது. செலவு ஏறக்குறைய 15 பிராங்க் என்கிறார். அந்தப் பேச்சு வெர்சாயில் 20,000 ஆயிற்று, ரோமில் 40,000, வியன்னாவில் 60,000, பீட்டர்ஸ்பர்க்கில் 80,000! சரக்கு ஊர் தாண்டினால் விலை ஏறும் என்பது நமக்குத் தெரியாததா? இருந்தாலும் அந்த 15 பிராங்க்கையும் நான் அப்படியே ஒப்பமாட்டேன். பூஜாடிகள் அதே வீட்டில் குடியிருந்த பிரபுவிடம் இரவல், ஆடைகள் ஓவியக்கூடத்துத் துணிகள். முதலைக் கணக்கில் சேர்க்காமல் செலவை மட்டும் எழுதியிருக்கிறார்.

கணவர் விஷயத்திலும் இதே கதைதான். பத்து லட்சம் பிராங்க்குக்கு மேல் சம்பாதித்தும், ஊரைவிட்டுப் போகையில் 20 பிராங்க் வருமானங்கூட மிஞ்சவில்லையாம். எல்லாவற்றையும் அவர் அழித்துவிட்டார். இது பற்று. வரவும் இருக்கிறதே! ஓவிய வியாபாரியான அந்த மனுஷர் கடையில் கிடந்த பழைய மேதைகளின் படங்களைப் பார்த்து எழுதித்தான் அம்மையார் கை தேர்ந்தது. 1793இல், தலை போகிற காலத்தில், மனைவிக்காக வாதாடிச் சிறுநூல் அச்சிட்டவரும் அவரே. மறுவருஷம் விவாகரத்து ஆயிற்று. ஓடிப்போனவள் சொத்துக்கு அன்றைக்கு வேறு கதி இல்லை. பிறகு 1799இல் கலைஞர்களும் அறிஞர்களுமாக 255 பேர் அவர் பெயரை நாடுவிட்டோர் பட்டியலிலிருந்து நீக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள்.

நூலில் நான் நின்று நின்று வாசித்தது ஜூலியின் கல்யாணம். தாய்க்குப் பிடிக்காத நிக்ரிஸ் என்பவரை அவள் பிடிவாதமாக மணந்தாள். அம்மையார் அழுதார், சண்டையும் போட்டார். கடைசியில், ரஷ்யாவில் படமெழுதிச் சேர்த்த பணத்தை எடுத்து வரதட்சிணையாகக் கொடுத்து அனுப்பினார்.