சுண்ணாம்பை வேவு பார்க்கும் இழை

வெந்நீர் ஓடும் குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு படிவதை வெளியிலிருந்து காண முடியாது. அடைப்பு கூடி நீரோட்டம் தளர்ந்த பிறகே தெரியவரும். உள்ளே ஓர் உலோகத் துண்டைத் தொங்கவிட்டு, பல நாள் கழித்து எடுத்து எடை பார்ப்பது பழைய வழக்கம். படிகங்கள் ஒட்டத் தொடங்கும்போதே சேதி சொல்வது ஒளியிழை உணரி. நுட்பமான கருவிகளில் இத்தனை எளிமையான கட்டமைப்பு அபூர்வம்.

மெல்லிய சிலிக்கா இழை ஒன்றில் சிறிது நீளத்துக்கு மேலுறையை உரித்து, வெறும் மையத்தை நீரில் நனையவிடுகிறார்கள். ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளிமானி; அசையும் பாகம் எதுவும் இல்லை. சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46, நீருக்கு 1.33. அதனால் சாய்வாகச் சுவரில் மோதும் ஒளி வெளியேற வழியின்றி உள்ளேயே திரும்புகிறது. 1840களில் ஜெனீவாவில் டேனியல் கொலாடன் வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் சிறைப்பிடித்துக் காட்டியதும் இதே முழு அக எதிரொளிப்பால்தான்.

திரும்பும் ஒளி, தன் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு தூரம் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டே திரும்புகிறது. இழையின் தொடுவுணர்வு முழுதும் அந்த எட்டிப்பார்த்தலில் இருக்கிறது. நீரில் மிதக்கும் துகளை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. மேனியில் ஒட்டியதையே அறியும்.

ஒட்டுவது பெரும்பாலும் கால்சைட். ஐஸ்லாந்திலிருந்து வந்த அதன் தெளிந்த படிகத்தின் வழியே பார்த்தபோது உருவங்கள் இரண்டாகத் தெரிவதை 1669-ல் எராஸ்மஸ் பார்த்தோலின் எழுதிவைத்தார். அந்த இரட்டைத் தோற்றத்துக்குக் காரணமான இரண்டு ஒளிவிலகல் எண்கள் 1.49, 1.66. இரண்டுமே சிலிக்காவைவிட அதிகம். எனவே படிகம் தொட்ட இடத்தில் சிறை உடைந்து ஒளி அதற்குள் கசிந்து சிதறுகிறது, மறுமுனை மங்குகிறது. வரைபடத்தில் நெடுநேரம் சமமாகக் கிடந்த கோடு சரியத் தொடங்கும் அந்த வளைவுதான் இந்தக் கலையின் உச்சம். படிவுத் தடுப்பு மருந்து சேர்த்தால் வளைவு தள்ளிப்போகிறது. மருந்தின் தரத்தை அங்கேயே அளந்துவிடலாம்.

இழையின் கண்ணாடியில் படிவது போலவே குழாயின் எஃகிலும் படியும் என்பதற்கு உறுதியில்லை. இந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனாலும் முன்னெச்சரிக்கைக்கு இது போதும்.

சுண்ணாம்பு ஏறிய இழையை நீர்த்த அமிலத்தில் கழுவினால் படிவு கரைந்து வெளிச்சம் மீள்கிறது. அதே இழையை மறுபடி பயன்படுத்தலாம். ஜப்பானின் புவிவெப்ப நீரில் படியும் சிலிக்காவுக்கு அந்த வழி இல்லை. அதைக் கரைக்கும் அமிலம் இழையையும் கரைத்துவிடும்.