கள்ளுண்ணாமை அதிகாரத்தில் குடும்பத்தின் இடம்: ஒரு மறுவாசிப்பு

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை, குடிப்பவனை நோக்கிய அறிவுரையாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. குடியால் அவன் இழக்கும் புகழ், நாண், அறிவு ஆகியவற்றை எடுத்துக்காட்டுவதோடு பாடம் முடிவது வழக்கம். அவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவர் இவ்வதிகாரத்தில் எங்கே நிற்கின்றனர் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

பத்துக் குறள்களில் உறவினராக இடம்பெறுபவள் தாய் ஒருத்தியே (923). அவளும் தன்பொருட்டு இடம்பெறவில்லை. எதையும் பொறுக்கும் தாய்க்கே களிப்பு இன்னாததாயின் சான்றோர்க்கு எத்தகையது என்னும் வாதத்திற்கு அவள் துன்பம் படிக்கல்லாக அமைகிறது. மனைவியும் மக்களும் இல்லை. 924ஆம் குறளில் புறங்காட்டிச் செல்லும் பெண், நாண் என்னும் பண்பின் உருவகமே. வீட்டிலுள்ள பெண்ணுக்கு அவ்வாறு புறங்காட்டிச் செல்லும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை என்பது வேறு.

எனினும், 929ஆம் குறள் குடும்பத்திற்கே உரியது எனக் கருத இடமுண்டு. களித்தவனைக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போன்றது என்கிறார் வள்ளுவர். உரைமரபு இதனைக் குடிப்பவனைத் தெளிவித்தல் அரிது என்பதற்குச் சான்றாகக் கொள்ளும். நாமோ விளக்கை ஏந்தியவர் யார் என வினவுகிறோம். ஊரார் எள்ளி நகைத்துவிட்டுப் போவதை 927ஆம் குறளே கூறிவிட்டது. இரவெல்லாம் காரணம் காட்டிக்கொண்டிருப்பவர் மனைவி, தாய், மூத்த பிள்ளை. உவமையைச் சற்று நீட்டிப் பார்ப்பின், தேடுபவரும் நீரினுள் இறங்கியே ஆகவேண்டும். விளக்கு அவிவது மட்டுமன்று; ஏந்தியவரும் மூழ்குகிறார். கணவனுக்குக் காய்ச்சல் எனத் தோட்ட நிருவாகத்திடம் பொய் சொல்லும் மனைவி, 928ஆம் குறள் கடியும் மறைத்தலில் தானும் பங்கேற்கிறாள்.

இவ்விடத்தில் லோயிஸ் வில்சனின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. இவர் 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை நிறுவியோருள் ஒருவரான பில் வில்சனின் மனைவி. கணவர் 1934 இறுதியில் குடியை விட்ட பின்னரே அவருடைய சினம் வெளிப்பட்டது. கூட்டத்திற்குக் கிளம்புமாறு கணவர் விரைவுபடுத்தியபோது காலணியைக் கழற்றி வீசினார். தம் பல்லாண்டு முயற்சியால் முடியாததைப் பிறர் முடித்துவிட்டனரே என்னும் மனக்குறையைத் தம்முள் கண்டது அதன் பின்னரே. 1951இல் அவர் பிறரோடு சேர்ந்து தொடங்கிய அல்-அனான் இயக்கம் குடிப்பவர்க்குரிய பன்னிரண்டு படிகளையே ஏறத்தாழ மாற்றமின்றி ஏற்றது. மதுவின்முன் தமக்கு ஆற்றல் இல்லை என்னும் முதற்படியைக் குடியாதவரும் சொல்லவேண்டும். 929ஆம் குறளின் விளக்கைக் கீழே வைப்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

930ஆம் குறளில் வள்ளுவர் தற்சோதனைக்கு வழி திறக்கிறார். தெளிந்திருக்கும் வேளையில் பிறன் களிப்பதைக் காண்பவன், தான் உண்டபோது அடைந்த சோர்வை நினையானோ என வினவுகிறார். இவ்வுய்த்துணர்வையே குடியொழிதற்குக் காரணமாகப் பரிமேலழகர் கொள்வது குறிப்பிடத்தக்கது. ஆயின், இக்கண்ணாடி குடிப்பவனுக்கு மட்டுமே தரப்பட்டுள்ளது. குடும்பத்தார்க்குரிய கண்ணாடியைத் தேடின், புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கே (190) செல்லவேண்டும். பிறர் குற்றம்போல் தன் குற்றமும் காணல் என்பது அங்குள்ள கருத்து.

இவ்வாசிப்பில் ஓர் இடர் உண்டு. அடிபடும் மனைவியிடம் உன் குற்றத்தைக் காண் எனக் கூறுவது கொடுமையாகும். தற்சோதனை என்பது பழியேற்றல் அன்று. எது தன் கைக்குள் உள்ளது, எது இல்லை எனப் பகுத்தறிதல். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை வீட்டுக்குள் முளைத்ததும் அன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. அக்கடைகளை நிலைபெறச் செய்த தோட்ட அமைப்பின் பொறுப்பை மனைவியின் தலையில் ஏற்றுதல் வரலாற்றுக்கும் பொருந்தாது.

வகுப்பறையில் இவ்வேறுபாடு உடனடிப் பயன் தருவதாகும். தந்தை குடிக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவன், 926ஆம் குறள் குடிப்பவரை நஞ்சுண்பாரோடு ஒப்பிடுவதைக் கேட்டுத் தலைகவிழ்கிறான். அவனுக்குக் குடியின் தீமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தந்தையைத் தெளிவிக்க இயலாமை அவன் தவறன்று என்பதை 929ஆம் குறளைக் கொண்டு ஆசிரியர் அவனுக்குச் சொல்லலாம். ஆகவே, இவ்வதிகாரத்தை அக்குறளிலிருந்து தொடங்கிக் கற்பிக்கலாம் என்பது நம் கருத்து.