ஜி.யு.போப் கல்லறை: வழக்கும் வாசகமும்

திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப் (1820–1908), ஆக்ஸ்போர்டு நகரின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர்தம் விருப்பப்படி 'தமிழ் மாணவன்' என்னும் தொடர் கல்லறையிற் பொறிக்கப்பட்டதாகக் கட்டுரைகளும் மேடைப்பேச்சுகளும் கூறிவருகின்றன. கல்லிலோ அத்தொடர் இல்லை. அவரைத் தென்னிந்தியாவுக்கு உரியவராகக் குறிக்கும் அவ்வாசகம், பல்கலைக்கழகத்தில் அவர் தமிழும் தெலுங்கும் பயிற்றியதைச் சுட்டி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இணைந்து அக்கல்லை நிறுவியதாகத் தெரிவிக்கிறது.

வழக்கு போப்பின் தமிழ்ப்பற்றை மட்டுமே பேசுகிறது. வாசகமோ தமிழர் அவர்பாற் கொண்ட நன்றிக்கும் சான்றாகிறது. கல்லைக் காணாது எடுத்தாளும் மேற்கோள் இச்சான்றை மறைத்துவிடுகிறது. கோயிற் கல்வெட்டுக்கு மூலப்படி வேண்டும் ஆய்வுலகம், இக்கல்லறைக்கும் அந்நெறியையே கைக்கொள்ளுதல் வேண்டும்.