ஏறும் கயிறும் நடக்கும் கயிறும்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒற்றைத் தென்னை நிற்கிறது. அறுபது அடிக்குக் குறையாது. நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை சோழவந்தான் பக்கமிருந்து ஒருவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வருவார். வந்ததும் ஏறிவிட மாட்டார். கதண்டுக் கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்ப்பார். தளைக்கயிற்றை வாளித் தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பார்ப்பார். பிறகு அரிவாளை இடுப்பில் செருகி, தளையைப் பாதங்களில் மாட்டி, எம்பி எம்பி, நான் காபியை ஆற்றுவதற்குள் உச்சிக்குப் போயிருப்பார்.

ஆபத்து உச்சியில்தான். தளை பாதத்தைப் பிடிக்குமே தவிர ஆளைப் பிடிக்காது. ஒரு கை மட்டையில், மறு கை அரிவாளில். பிடித்த மட்டை பழுத்திருந்தால் கையோடு வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டே பிடிக்கிறார். அவருடைய பாதுகாப்பு ஏற்பாடு மொத்தமும் அவ்வளவுதான்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில், வாதுவ, களுத்துறை வட்டாரத்தில், கள் இறக்குபவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். மரத்துக்கு மரம், உச்சிக்கு உச்சி தென்னங்கயிறு கட்டியிருக்கும். காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. தேங்காய் மட்டைத் துண்டுகளைப் படியாகக் கட்டிய ஒரு மரத்தில் ஏறினால் போதும். அங்கிருந்து கயிற்றில் நடந்தே அடுத்தடுத்த மரங்களுக்குப் போய்விடலாம். சேர்ந்த கள்ளைக் கலயத்தில் ஊற்றிக் கயிற்றில் இறக்கினால் கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வார்.

பார்க்க சர்க்கஸ் மாதிரி இருக்கும், நமக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது மரம் என்றால் நம் முறையில் முப்பது ஏற்றம், முப்பது இறக்கம். அங்கே ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று. நடக்கும்போது காலோடு கைக்கும் ஒரு பிடி உண்டு. பயமுறுத்தும் அந்தக் கயிறுதான் ஆளின் உழைப்பைக் குறைக்கிறது. களைத்த உடம்புதான் தவறு செய்யும். அதற்காக அங்கே விழாமல் இல்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்த கயிறு இற்றுப்போகும். பழைய கயிற்றை எப்போது மாற்றுவது என்பதில் காட்டும் கஞ்சத்தனம் உயிரைக் கேட்கும்.

இதை அப்படியே மதுரைக்குக் கொண்டுவர முடியாது. கள் இறக்குபவர் ஒரே மரத்துக்குத் தினமும் போகிறார், கயிறு கட்டியது அவருக்குக் கட்டுப்படியாகும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. காய் வெட்ட ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறும் மரத்தில் யார் கயிறு கட்டுவார்கள்?

காய்க்கு என்றால் இலங்கைத் தோட்டங்களில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கத்தி கட்டித் தரையில் நின்றே பறிக்கிறார்கள். பொள்ளாச்சியிலும் தொரட்டிதான். கழி அலுமினியமாக இருந்து பக்கத்தில் மின்கம்பி போனால் மட்டும் எமன் வேறு வழியில் வருவான். தோப்புக்குச் சரி. செல்லூர் சந்தில் தொரட்டி போட்டால் காய் பக்கத்துத் தறிக்கொட்டகைக் கூரையில்தான் விழும். குலையைக் கயிற்றில் இறக்கியாக வேண்டும், அதற்கு ஆள் ஏறியாக வேண்டும்.

கேரளத்து செம்பேரியில் பிறந்த ஏறுகருவி இதற்குப் பொருந்தும். இரும்புச் சட்டம் இரண்டு, மரத்தைச் சுற்றிக் கம்பிவடம், நின்றபடியே ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பெயரில் பயிற்சியும் கருவியும் தருகிறது. காப்பீடும் உண்டு. எங்கள் ஆளிடம் சொன்னேன்.

"தெரியும்ணே. அதை மாட்டிக் கழட்டுற நேரத்துல நான் ரெண்டு மரம் ஏறிருவேன். நீங்க மரத்துக்குத்தான காசு தர்றீங்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழுந்துவிட்டால்? நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பனை வகை மரங்களில் சாறு இறக்குபவருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். இலங்கையிலும் 1934 முதல் அதுபோன்ற சட்டம் உண்டு. இரண்டுமே கேட்பது ஒன்றை: முதலாளி யார்? தெருத்தெருவாகப் போய் ஏறுபவருக்கு முதலாளி நானா, எதிர்வீட்டுக்காரரா? யாழ்ப்பாணத்தில் கள் இறக்கும் சீவல் தொழிலாளர்களுக்கு 1970-களில் தொடங்கிய பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கள்ளைத் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், விற்பது சங்கம் என்பதால், குடும்பம் போய்த் தட்ட ஒரு கதவாவது இருக்கிறது. இந்த விஷயத்தில் நம்மைவிட அவர்கள் மேல். கருவியில் நாம் மேல். ஆனால் அது பரணில் கிடக்கிறது.

உங்கள் வீட்டிலும் தென்னை இருந்தால், கருவி மாட்டும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஆளைக் கூப்பிடாதீர்கள், மரம் பாசியாக இருக்கும்.