உருவும் பீடமும் இடமும்: நகரச் சிலைகளை நிழற்படம் எடுத்தல் பற்றிய ஓர் ஆய்வு

நகரத்தின் நாற்சந்தியில் நிற்கும் சிலையும் தெருச்சுவரில் தீட்டப்பெற்ற ஓவியமும் எல்லார்க்கும் பொதுவான கலைகளாகும். இவற்றைக் காணக் கட்டணம் இல்லை, வாயிற்காவலர் இல்லை, காலவரையறையும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் சுமை தூக்கிச் செல்லும் தொழிலாளியும் நாள்தோறும் இவற்றைக் கடந்தே செல்கின்றனர். கைப்பேசியிலேயே நிழற்படக் கருவி அமைந்துவிட்ட இக்காலத்தில் இவற்றைப் படம் எடுப்போர் தொகை மிகப் பெருகியுள்ளது. இப்படங்கள் வருங்கால ஆராய்ச்சியாளர்க்குச் சான்றாகும் தகுதி உடையனவா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதுகலை மாணவர் சிலர் சென்னை நகரச் சிலைகளின் படங்களைத் தொகுத்து ஒருமுறை என்பாற் கொணர்ந்தனர். படங்கள் அழகியன. வானமும் முகிலும் பின்னணியாக அமைய, சிலைகள் கம்பீரமாகத் தோன்றின. ஆயினும் ஒன்றிலேனும் பீடத்தின் எழுத்தைப் படிக்க இயலவில்லை. இச்சிலை எத்திசை நோக்கி நிற்கின்றது, எதிரே யாது உள்ளது, யார் வடித்தது, எவ்வாண்டு நிறுவப்பெற்றது என வினவியபோது மாணவர் விடை கூறாது நின்றனர். குறை அவர்களுடையது மட்டும் அன்று. சிலையைப் படம் எடுத்தலாவது உருவைப் படம் எடுத்தலே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் திருந்துதல் வேண்டும் என்பதே என் கருத்து.

கல்லும் எழுத்தும்

பொதுவிடத்தில் கல் நிறுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல் எடுத்தலை ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கின்றது. கல்லைக் காணுதல் முதலாக அதனை வாழ்த்துதல் ஈறாக அந்நிலைகள் அமைகின்றன. அவற்றுள் கல்லில் உருவம் செதுக்குதல் தனியொரு நிலையாகக் கூறப்படவில்லை. கல் எங்கிருந்து கொள்ளப்பட்டது, எவ்வாறு நீராட்டப்பட்டது, எவ்வாறு நடப்பட்டது என்பவையே தனித்தனி நிலைகளாயின. இது கருதத்தக்கது.

2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் இதற்கு அரண் செய்கின்றன. அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உண்டு, உருவம் இல்லை. எழுத்தை விடுத்து அக்கற்களைப் படம் எடுத்தால் எஞ்சுவது வெறும் பாறைத் துண்டே. உருவம் பொறிக்கப்பெற்ற பிற்கால நடுகற்களிலும் வீரன் பெயர், ஊர், பூசலின் காரணம், அரசனின் ஆட்சியாண்டு ஆகியவற்றை எழுத்தே கூறுகின்றது.

நிழற்படக் கலையின் தொடக்க காலத்திலேயே இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர் ஒருவர் உண்டு. சென்னை அரசின் நிழற்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்தின் தோற்றத்தோடு அவர் அமையவில்லை. அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டுகளையும் படம் எடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். வானளாவிய விமானத்தின் கீழ் நின்றவர் அடித்தளத்தை நோக்கிக் குனிந்தார் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

புறநானூற்றுப் பாடல்களின் ஈற்றில் திணையும் துறையும், பாடினோர் பாடப்பட்டோர் பெயர்களும் குறிக்கப்பெற்றிருத்தலை யாவரும் அறிவர். அக்குறிப்புச் சிதைந்த பாடல்களைப் பயில்வோர்க்கு இன்பம் உண்டு. ஆயின் வரலாறு இல்லை. பீடமும் இடமும் விலக்கி எடுக்கப்பெற்ற சிலைப்படம் அத்தகைய பாடலை ஒத்தது.

இடத்தின் பொருள்

சிலையின் பொருள் உருவில் மட்டும் தங்குவதன்று என்பதற்கு நீல் சிலை தக்க சான்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபோது கொடுஞ்செயல் புரிந்தவர் எனப் பெயர் பெற்ற படைத்தலைவர் நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதனை அகற்றக் கோரி அறப்போர் நிகழ்ந்தது. 1937இல் இராசாசியின் அமைச்சரவைக் காலத்தில் அது சாலையினின்று நீக்கப்பெற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. உலோகம் அதுவே, உருவும் அதுவே. ஆயினும் சாலையில் நின்றபோது அது ஆட்சியின் வெற்றியைப் பறைசாற்றியது. காட்சிக்கூடத்துள் அது கழிந்த காலத்தின் எச்சமாயிற்று. உருவை மட்டும் காட்டும் இரு படங்களை அருகருகே வைப்பின் இம்மாற்றம் புலப்படாது. இடத்தையும் காட்டும் படங்களே இவ்வரலாற்றை உரைக்கும்.

மெரினாக் கடற்கரைச் சிலைகளும் இவ்வகையில் நோக்கத்தக்கன. 1968ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், இளங்கோவடிகள், கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலியோர் சிலைகள் ஒரே சாலையின் ஓரமாக நிறுவப்பெற்றன. அவற்றைத் தனித்தனியே காண்பார்க்கு அவை புலவர் சிலைகள். சாலை நெடுகக் கால்நடையாகச் சென்று காண்பார்க்கோ அவை தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு தொகுப்பு. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் போலவே இச்சிலைகளைத் தேர்ந்து நிறுத்தியோரும் யாரைக் கொள்வது, யாரை விடுவது என முடிவு செய்துள்ளனர். மேனாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற மூவர்க்கு இவ்வரிசையில் இடம் தந்தமை அக்காலத் தமிழ்க் கொள்கையைக் காட்டும். ஒரு சிலையை அடுத்த சிலையோடு சேர்த்துக் காட்டும் படம் ஒன்றேனும் இல்லையெனின் இக்கொள்கை பார்ப்பவர்க்கு எட்டாது போகும்.

உருவும் ஒளியும்

இடத்தையும் எழுத்தையும் வற்புறுத்துதலால் உருவைப் புறக்கணித்தல் என் நோக்கம் என்று கொள்ளற்க. உருவை நன்கு காட்டுதலிலும் நம் படங்கள் பல தவறுகின்றன.

1839இல் நிறுவப்பெற்ற தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை பிரான்சிஸ் சாண்ட்ரி என்னும் சிற்பியால் இங்கிலாந்தில் வார்க்கப்பெற்றது. அதில் அங்கவடி இல்லை. சிற்பி அதனை மறந்துவிட்டார் என்றும், பின்னர் உணர்ந்து உயிர் நீத்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இக்கதை பொருந்தாது. அதே சிற்பி இலண்டனுக்காகச் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும், வெல்லிங்டன் கோமகன் சிலையிலும் அங்கவடி காணப்படவில்லை. மூன்று சிலைகளிலும் ஒருவர் ஒன்றையே மறத்தல் இயல்பன்று. அது சிற்பி தேர்ந்துகொண்ட முறை என்பதே பொருத்தமாகும். இம்முடிவை எய்துதற்கு வேண்டுவன, தொங்கும் காலைத் தெளிவுறக் காட்டும் பக்கப் படங்களே. எதிரே நின்று குதிரையின் தலையை விதந்து காட்டும் படம் எத்துணை அழகியதாயினும் இவ்வாராய்ச்சிக்கு உதவாது. நல்ல படங்களை ஒப்புநோக்கின் செவிவழிக் கதையும் திருத்தம் பெறும் என்பது இதனால் தெளிவாம்.

1959இல் மெரினாவில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை நோக்குவோம். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய தேவிபிரசாத் ராய் சௌதுரியின் படைப்பு அது. பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நால்வரின் தோளும் முதுகும் தொடையும் வெவ்வேறு வகையில் முறுக்கேறி நிற்கின்றன. அம்முறுக்கே சிற்பத்தின் உயிர். ஆயின் இச்சிலையின் படங்களுட் பெரும்பாலன வைகறையில் சாலைப் பக்கத்தினின்று எடுக்கப்பெற்றவை. கதிரவன் கடலினின்று எழுவதால் நால்வரும் கரிய நிழலுருவங்களாகிவிடுகின்றனர். சதையின் திரட்சி மறைகின்றது. முகத்தின் நோவு மறைகின்றது. செம்பொன் வானம் மட்டும் எஞ்சுகின்றது. உழைப்பைக் காட்ட எழுந்த சிற்பம் விடியலைக் காட்டும் அணிகலனாகத் தாழ்ந்துபோகின்றது. பிற்பகலில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும் ஒளியில் எடுக்கப்பெறும் படமே சிற்பியின் கைத்திறனை உள்ளவாறு காட்டும். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் தொழிலாளர் நாளைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையிலேயாம். அதனை நினைவிற் கொள்வார்க்கு இச்சிலையைச் சூழ்ந்து திரியும் சுண்டல் விற்பவரும் வலை சுமப்பவரும் படத்தினின்று விலக்கத்தக்கோர் ஆகார்.

காலத்தின் சான்று

சிலைகள் நிலையானவை என்று எண்ணுகின்றோம். கண்ணகி சிலை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. 1968இல் நிறுவப்பெற்ற அச்சிலை 2001 திசம்பரில் தன் இடத்தினின்று அகற்றப்பட்டது. நெடிய கிளர்ச்சிக்கும் வழக்காடலுக்கும் பின், ஆட்சி மாறியபொழுது, 2006 சூனில் மீண்டும் கடற்கரையில் நிறுவப்பட்டது. நான்கரை ஆண்டுகள் அவ்விடம் வெறுமையாயிருந்தது. சிலையின் அண்மைப் படங்கள் அகற்றத்திற்கு முன்னும் பின்னும் எண்ணிறந்தன உள. அவற்றுள் பலவற்றை முந்தியது எது, பிந்தியது எது எனப் பிரித்தறிய இயலாது. நாளும் சூழலும் குறியாமையே காரணம்.

இளங்கோவடிகள் இதில் நமக்கு வழிகாட்டியாவார். வஞ்சிக் காண்டத்தில் அவர் கண்ணகிக்குக் கல் கொணர்ந்த வரலாற்றைக் காதைதோறும் விரித்துரைக்கின்றார். இமயத்திற் கல் கொண்டது, கங்கையில் நீர்ப்படை செய்தது, வஞ்சிக்குக் கொணர்ந்தது, நட்டது என அது வந்த வழி முழுதும் நமக்குத் தெரிகின்றது. கல்லில் அமைந்த உருவம் எத்தகையது என்பதை அவர் விரிக்கவில்லை. கடற்கரைக் கண்ணகியைப் படம் எடுப்போரோ உருவை மட்டும் விரித்து, வந்ததும் போனதும் மீண்டதும் கூறாதொழிகின்றனர்.

சுவரோவியங்கள்

தெருச்சுவர் ஓவியத்திற்குக் காலம் இன்னும் கொடியது. வெயிலும் மழையும் வண்ணத்தை அழிக்கும், சுவரொட்டி மறைக்கும், அடுத்த வெள்ளையடிப்பு முற்றும் போக்கிவிடும். ஆதலின் ஈண்டு நிழற்படமே மூலப்படியாக எஞ்சுதற்குரியது. பொறுப்பும் அதற்கேற்ப மிகுகின்றது.

சென்னைக்குத் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தில் உள்ள கண்ணகி நகர், நகரின் நடுப்பகுதிகளிலிருந்து அகற்றப்பெற்ற எளிய மக்களுக்காக 2000ஆம் ஆண்டையொட்டி அமைந்த குடியிருப்பு. அதனை எழுப்பிய குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் அங்குள்ள அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. அவற்றின் படங்கள் நாடெங்கும் பரவின. அப்படங்களுட் பல, சுவரின் நான்கு எல்லையோடு நின்றுவிடுகின்றன. கீழே தண்ணீர்க் குடங்களின் வரிசையும், சாளரத்தில் உலரும் துணியும், வாயிற்படியில் அமர்ந்திருக்கும் மூதாட்டியும் வெட்டப்படுகின்றனர். நகரினின்று ஒருமுறை அகற்றப்பெற்ற மக்கள் படத்தினின்றும் இரண்டாம் முறை அகற்றப்படுகின்றனர். அழகுணர்ச்சியின் பெயரால் நிகழ்வதாயினும் இது நேர்மையன்று. அவர்தம் இசைவு பெற்று, அவர்தம் வாழ்விடமாகவே அதனைக் காட்டுதல் அறமாகும்.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், பொதுவிடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தைப் படம் எடுத்தலும் வெளியிடுதலும் உரிமை மீறல் ஆகா என விலக்களிக்கின்றது. அவ்விலக்கில் சிற்பமும் கைவினைப் படைப்பும் கூறப்பட்டனவேயன்றி ஓவியம் கூறப்படவில்லை. எனவே சிலையைப் படம் எடுத்து வெளியிடுவோர்க்குள்ள உறுதி சுவரோவியத்தைப் படம் எடுத்து வெளியிடுவோர்க்கு அவ்விதியால் கிட்டுவதன்று. ஓவியர் பெயரையேனும் குறியாது வெளியிடுதல் சட்டத்தை நோக்கினும் அறத்தை நோக்கினும் தகாது.

ஒரு மறுப்பும் விடையும்

நிழற்படமும் ஒரு கலையாதலின் வேண்டாதவற்றை விலக்குதல் கலைஞனின் உரிமை அன்றோ எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. ஒரே படத்துள் அனைத்தையும் அடக்க முயலின் எதுவும் விளங்காது. மன்றோ சிலையின் அங்கவடி பற்றிய உண்மையும் அண்மைப் படத்தாலேயே துலங்கும் என மேலே கண்டோம். ஆதலின் ஒரு படத்தை விலக்குமாறு யான் கூறவில்லை. ஒரு படத்தோடு அமையற்க என்றே கூறுகின்றேன். சூழலோடு கூடிய முழுப்படம் ஒன்று, பீடத்தின் எழுத்துத் தெளிவுறும் படம் ஒன்று, கைத்திறன் காட்டும் அண்மைப் படம் ஒன்று என மூன்றேனும் வேண்டும். அவற்றுடன் நாள், பொழுது, நோக்கிய திசை, படைத்தோர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கும் சிறு குறிப்பு ஒன்றும் வேண்டும். கலைஞன் தன் விருப்பம்போல் எடுக்கும் நான்காம் படத்திற்கு இவை தடையாகா.

கல்வெட்டாய்வாளர் பல்லாண்டுகளாகக் கைக்கொண்டு வரும் நெறி இது. 1972இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பு ஊரும் எழுத்தும் உருவும் ஒருங்கே பதிவு செய்யப்படுதலின் பயனை நமக்கு உணர்த்தியது. வயலிலும் கரம்பிலும் கிடந்த கற்களுக்கு நாம் செய்த அச்சிறப்பை, நாள்தோறும் நாம் கடந்து செல்லும் நாற்சந்திச் சிலைக்கும் குடியிருப்புச் சுவருக்கும் செய்தல் கடனாகும். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள சிலை ஒன்றனையேனும் இம்முறையிற் பதிவு செய்வாராயின், நம் நகரங்கள் யாரை நினைத்தன, யாரை மறந்தன என்னும் வரலாறு பின்வருவோர்க்குக் குறைவின்றிக் கிடைக்கும்.