தைர் லென்ஸும் பஞ்சுருட்டானும்

சோவியத் நாட்டின் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் பிறந்த தைர்-3 லென்ஸ் என்னிடம் ஒன்று இருக்கிறது. குவியத்தூரம் 300 மி.மீ., துளை எஃப் 4.5. துப்பாக்கிக் கட்டை போன்ற பிடியில் பூட்டி 'ஃபோட்டோஸ்னைப்பர்' என்று விற்றார்களே, அதே கண்ணாடிதான். பழைய 42 மி.மீ. திருகு, மலிவான ஓர் அடாப்டர் போதும், இன்றைய மிரர்லெஸ் கேமராவில் உட்கார்ந்துவிடும். சென்சார் ஏபிஎஸ்-சி அளவென்றால் சுமார் 450 மி.மீ. லென்ஸ் வழியே பார்க்கும் பார்வை கிடைக்கும்.

இதில் தானியங்கி எதுவும் கிடையாது. அடியில் இருக்கும் குமிழைத் திருகித்தான் ஃபோகஸ். பத்து மீட்டர் தூரத்துப் பறவையென்றால் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்தான் தெளிவாக விழும். பறப்பதைத் துரத்திப் பயனில்லை. ஆனால் பஞ்சுருட்டான் என்ற பறவை, பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய குச்சிக்கே திரும்பும். குச்சியின் நுனியில் ஃபோகஸை நிறுத்தி, ஷட்டரை 1/1000-இல் வைத்துக் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பில்தான் நான் பறவையைப் பார்க்கக் கற்றேன்: தட்டானைக் குச்சியில் அடித்துக் கொல்வதை, விழுங்குமுன் தலையைச் சாய்ப்பதை.

வெள்ளைக் கொக்கை வானப் பின்னணியில் எடுத்தால் ஓரத்தில் ஊதா படியும். எஃப் 8-க்குச் சுருக்கினால் குறைகிறது. காலைச் சாய்வெயிலில், பஞ்சுருட்டான் முதுகின் பச்சைக்கு இந்தக் கண்ணாடி தரும் மென்மையோ, அலுக்கவே இல்லை.